பதினொன்றாம் தட்டு

நானூறு, அறுநூறு, எண்ணூறு.
மூன்று அதிர்வெண்களைத்தான் நான் எழுதினேன்.
நிரலில் வேறெதுவும் இல்லை,
வேண்டுமானால் பாருங்கள், முப்பத்தாறே வரி.
கேட்கிறவர்களோ ஒருவர் விடாமல்
இருநூறை முனகிக் காட்டுகிறார்கள்.
காற்றில் இல்லாத சுரம்.

மீப்பெரு பொதுக் காரணி, என்கிறாள் வீப்கே.
பள்ளியில் நாம் விரல்விட்டுத் தடுமாறிய கணக்கை
கண்ணிமைப்பதற்குள்
போட்டு முடிக்கிறது மண்டை.
எந்த மூலையில் உட்கார்ந்து போடுகிறது
என்பதுதான் எங்கள் கேள்வி.
அதற்குத்தான் இந்தக் காந்தம்:
க்ரோனிங்கன் மருத்துவமனை நிலவறையில்,
நோயாளிகள் போனபின்,
இரவு பத்திலிருந்து ஒன்றரை வரை
மணிக்கணக்கில் வாடகைக்கு.

ஏழு வாரம். பதினான்கு தலைகள்.
பதினான்கிலும் கோடு.
கார்டுராய்க் கால்சட்டைபோல
மூளை முழுக்கச் சாய்வாய் வரி வரியாய்.

சீட்சே கணிதக்காரன், காபியை மறந்துவிடுபவன்.
வெள்ளைப் பலகையில் ஒரு புள்ளி வைத்தான்.
இயந்திரம் படம் பிடிப்பதில்லை, கேட்கிறது, என்றான்.
உடம்பின் நீர் முணுமுணுப்பதைக் கேட்டு
அலை அலையாய் அடுக்கி வைக்கிறது.
அடுக்கில் ஒரு புள்ளி என்பது
படம் முழுவதற்குமான ஓர் அலை.
ஒரு புள்ளி பொய் சொன்னால்
குடம் பாலுக்குத் துளி நஞ்சு.

அன்றிரவே ஒரு வடிகட்டி எழுதிக்கொண்டு வந்தான்.
பொய்ப் புள்ளியைப் பிடுங்கி எறி,
அக்கம்பக்கத்தின் சராசரியை அங்கே வை.
கோடு மறைந்தது.
அப்படியொரு சுத்தமான மூளையை
நான் பார்த்ததே இல்லை.

வீப்கே வெகுநேரம் பார்த்தாள்.
இல்லாததை மூளை இட்டு நிரப்புவதை
அளக்க வந்திருக்கிறோம்,
அளவுகோலையே நாம் இட்டு நிரப்பினால்
எது யாருடையது, என்றாள்.
சீட்சே பேசவில்லை.
காபியை, ஆறிப்போனதை, ஒரே மடக்கில் குடித்தான்.

பதினைந்தாவதாக வந்தவர் டௌவ ஹூக்ஸெமா.
கோபுரத்து மணிகளைப் பார்த்துக்கொள்பவர்,
அறுபத்தொன்று வயது, இடக்காது பாதி.
விண்ணப்பத்தில் 'உலோகம் ஏதும்?' என்ற இடத்தில்
'வேலையில் மட்டும்' என்று எழுதியிருந்தார்.
நாற்பது நிமிடம் அந்தக் குழலுக்குள் கிடந்தார்.
இயந்திரம் தகரக் கொட்டகையில் கல்மழைபோல் பெய்தது.

வெளியே வந்தார், முடி குத்திட்டு நிற்க.
உங்கள் சுரங்கள் சரிதான்.
உங்கள் மிஷின்தான் தாளம் தவறுகிறது.
பத்துத் தட்டு நல்ல தட்டு,
பதினொன்றாவதன் வாலில் ஒரு கிணுக்.

காதில் பஞ்சு, அதன்மேல் ஹெட்போன்,
எப்படிக் கேட்டது?
பின்மண்டையைத் தொட்டுக் காட்டினார்.
எலும்பு.

நான் சிரித்தேன். எழுதிவைக்கிறேன், சிரித்தேன்.
சீட்சே சிரிக்கவில்லை, மூலத்தரவைத் திறந்தான்.
பதினொன்று.
இருபத்திரண்டு.
முப்பத்து மூன்று.

வியாழக்கிழமை ரென்ஸ்கே மூடியைக் கழற்றினாள்.
உள்ளே ஒரு பித்தளைத் திருகு,
அரைச்சுற்று தளர்ந்து,
நடுங்கும்போதெல்லாம் ஒரு பொறி.
அவ்வளவுதான்.

கட்டுரையில் அது ஒரு வாக்கியம்:
'பதினான்கு பேரின் தரவு விலக்கப்பட்டது.'
திருகு இல்லை, டௌவ இல்லை,
என் சிரிப்பும் இல்லை.
ஒன்பது பேர் மறுபடி வந்தார்கள்.
ஒருத்தி உட்ரெக்ட்டுக்குப் போய்விட்டாள்.
ஒருவர், அந்தக் குழலுக்குள்ளா, இனி மாட்டேன் என்றார்.
பணம் ஜனவரியில்தான்.
எந்த மூலை என்பது
இன்னும் தெரியவில்லை.

நேற்று ஒன்றே முக்காலுக்கு சைக்கிளில் வீடு திரும்பினேன்.
கால்வாய்ப் பாலத்தில் கோபுரம் அடித்தது.
அடியில் ஒலிக்கும் அந்தக் கனத்த சுரத்தைக்
கேட்காமலிருக்க முயன்றேன்.
மூன்று அதிர்வு, மூன்றே அதிர்வு என்று
உதட்டுக்குள் சொல்லிக்கொண்டேன்.
பயனில்லை.

இரவில் அடிப்பது டௌவ அல்ல,
முள் பதித்த ஓர் உருளை, அவரே சொன்னது.
தெரியும்.
ஆனாலும் ஒரு காலை ஊன்றி நின்று
மேலே பார்த்துக் கையசைத்தேன்.